மேட்டுப் புல்லுக்குத் தீ வைத்த நாள்

மாசியில் ஒரு மழை பெய்தால் ஊரே சிரிக்கும். நான் மட்டும் அதைத் திட்டுவேன். பைத்தியக்காரி என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். ஒரு மழை எங்களை எப்படி மோசம் செய்தது என்று பட்டவளுக்குத்தான் தெரியும். மழையையாவது மன்னித்துவிடலாம், அதற்கு என் பெயர் தெரியாது.

வித்துராவிலிருந்து மலைப்பாதையில் ஏறி, பஸ் நிற்கும் கடைசி இடத்தையும் தாண்டி நடந்தால் ஒரு சரிவு வரும். அங்கே நாங்கள் ஐந்து வீட்டார் மாடு வளர்க்கிறோம். வீடுகளுக்கு மேலே ரப்பர். ரப்பருக்கு மேலே ஒரு மேடு, முழுக்க எலுமிச்சைப் புல். மேட்டுக்கு மேலே காடு. நான் பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்ப் பக்கம் பிறந்தவள், கல்யாணமாகி மலையாளப் பக்கம் இந்தச் சரிவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரருக்கு பட்டணத்துச் சாலைச் சந்தையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் வேலை. முதல் பஸ்ஸில் போவார், கடைசி பஸ்ஸில் வருவார். அதனால் மாடு என்றால் என் வீட்டில் நான்தான். கறப்பது நான், சாணி வாருவது நான், பிரசவம் பார்ப்பது நான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தொழுவத்து வாசலில் நின்று, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சான்றிதழ் கொடுப்பார்.

அப்போது என்னிடம் ஒன்பது உருப்படிகள். அதில் ஐந்து, பல் தேய்ந்த கிழங்கள். பால் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. என் நம்பிக்கையெல்லாம் ஒரு கிடாரி மேல். நானே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது, முதல் சினை, பங்குனிக் கடைசியில் ஈன வேண்டும். பெட்டைக் கன்றாக விழுந்தால் தொழுவம் இன்னும் பத்து வருஷம் ஓடும், இதற்கு ஏதாவது ஆனால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று எனக்குள் ஒரு கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிடாரிக்குத் தவிடு வைக்கும்போது மட்டும் என் கை கொஞ்சம் தாராளமாகும், அதை வீட்டுக்காரர்கூடக் கேலி செய்வார். "பெத்த பிள்ளைக்கு இப்படி ஊட்டினது இல்லை" என்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மேட்டுப் புல் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கோடையில் அந்தப் புல் முற்றி, வாயை அறுக்கும் அளவுக்குக் கடினமாகிவிடும். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதற்குத் தீ வைத்துவிட்டால், பின்னால் வரும் கோடைமழையில் இளம்புல் குப்பென்று கிளம்பும். மாடுகளுக்கு அது திருவிழா. வனத்துறை இதற்குச் சம்மதிக்காது, அதனால் எல்லாம் ரகசியமாகத்தான் நடக்கும். ஆனால் எங்களுக்குள் ஒரு முறை இருந்தது, அதை யாரும் மீறியதில்லை. தீ வைக்கப் போகிறவன் முந்தின சாயங்காலமே மற்ற நான்கு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். சொல் கிடைத்த வீட்டார் மறுநாள் காலையிலேயே மாடுகளை அவிழ்த்து ஆற்றுமணலுக்கு இறக்கிவிடுவார்கள். கூரைமேல் தண்ணீர் ஊற்றுவார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் பச்சைக் கொப்பு ஒடித்துக்கொண்டு ரப்பர் விளிம்பில் போய் நிற்பார்கள், தீ கீழே இறங்கினால் அடித்து அணைக்க. தீக்குச்சியை உரசும் முன் ஒரே ஒரு கேள்விதான். "எல்லாருட்டயும் சொல்லியாச்சா?"

இப்படித் தீ வைப்பதில் கைதேர்ந்தவர் மேல் வீட்டு அண்ணன். எஸ்டேட் வேலை இல்லாமல்போய் மலையிலிருந்து இறங்கிவந்த தமிழ்க் குடும்பம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. வந்த புதிதிலேயே அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார், நானும் அண்ணா என்றேன். வெறும் வாய்ச்சொல் இல்லை. ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே மாட்டியபோது, முழங்கை வரை கையை விட்டுத் திருப்பி எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அந்த வருஷம் மாசி முதல் வாரத்தில், யாரும் எதிர்பாராமல், இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. என்ன சந்தோஷம் எங்களுக்கு! மேடு முழுக்கப் பச்சை. பால் கொண்டுபோய்க் கொடுக்கும் சொசைட்டி வாசலில் எல்லார் வாயிலும் சிரிப்பு. "இந்த வருஷம் புல்லுக்குத் தீயே வைக்கண்டா" என்று அண்ணனே சொன்னார். புல் இடுப்பு உயரம் வளர்ந்தது. பிறகு வானம் கதவைச் சாத்திக்கொண்டது. மாசி போயிற்று, பங்குனி பிறந்தது, ஒரு சொட்டு இல்லை. இடுப்பு உயரப் புல் நின்ற நிலையிலேயே காய்ந்தது. மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் புல் கணுக்காலோடு நின்றிருக்கும், எரிவதற்கு அங்கே என்ன இருந்திருக்கும்? கீழே ரப்பர்ச் சருகு, காலை வைத்தால் முறுக்கு உடைவதுபோலச் சத்தம். ஊற்று நூலாக இளைத்தது. கிழக்கிலிருந்து மலையைத் தாண்டி ஒரு காற்று வரும், முகத்தில் பட்டால் அடுப்பைத் திறந்த மாதிரி இருக்கும். பசுக்கள் நாக்கைத் தொங்கவிட்டு நின்றன. வெயில் தாங்காது என்று தகரக் கூரைமேல் நான் காய்ந்த தென்னை ஓலையைப் பரப்பினேன். அந்தப் புத்தி எனக்கு யார் கொடுத்தார்களோ.

பங்குனி நடுவில் சொசைட்டி வாசலில் மறுபடியும் தீ வைக்கும் பேச்சு எழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மேட்டுல நிக்கது புல்லு இல்ல, மண்ணெண்ணெய்! இந்த வருஷம் எவனாவது தீப்பெட்டியைத் தொட்டா நான் நேரா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல போய்ச் சொல்லிருவேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன், "தங்கச்சி சொன்னா சொன்னதாக்கும், சூட்சிச்சோ" என்று மற்றவர்களை எச்சரிப்பதுபோலக் கண்ணை உருட்டினார். நானும் சிரித்துவிட்டேன். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணி இருக்கும். நான் வாசலில் தவிட்டுச் சாக்கை உதறிக்கொண்டிருந்தேன். அண்ணன் தன் ஆறு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"எங்க அண்ணா, காலையிலயே படையோட?"

"ஆத்துக்குத்தான். நீ இன்னும் அவுக்கலியா?"

"குடிக்கத் தொட்டியில வெள்ளம் கெடக்கு. வெயில் தாந்த பெறகு பாத்துக்கலாம்."

அவர் நின்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வெயில் தாழுற வரைக்கும் நிக்காதே தங்கச்சி. இப்பமே எறக்கு, கேட்டியா?"

"சரி சரி, நீங்க போங்க" என்றேன். கிடாரிக்கு நாள் நெருங்கிவிட்டது, அதைச் சரிவில் இறக்கி ஏற்ற எனக்கு மனமில்லை. நிறைசூலியை மணலுக்கு நடத்த எந்த மடச்சி சம்மதிப்பாள்? அவர் மாடுகளோடு போனார், கொஞ்ச நேரம் கழித்துத் தனியாக மேலேறிப் போனாராம். நான் தொழுவத்துக்குள் இருந்தேன், பார்க்கவில்லை.

உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் தண்ணீர்த் தொட்டியில் கறுப்பாக ஏதோ மிதந்தது. கையில் எடுத்தேன், நசுங்கியது. சாம்பல். வெளியே வந்து பார்த்தால் மேட்டின்மேல் வானம் மஞ்சளாக இருந்தது. காற்று மேலிருந்து கீழே அடித்தது. மூங்கில் வெடிக்கும் சத்தம் கேட்டது. ரப்பருக்குள் தீ நிதானமாக நடந்து வந்துகொண்டிருந்தது, சருகோடு சருகாக, முழங்கால் உயரத்தில். அதைப் பார்த்து எனக்குப் பயமே வரவில்லை. கொப்பால் அடித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அப்போது ஒரு காற்று வீசி, எரிகிற சருகை அள்ளிக் கூரைமேல் போட்டது. நான் பரப்பிவைத்த ஓலை ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது.

அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். நைலான் கயிறு, மாடு இழுக்க இழுக்க முடிச்சு இறுகுகிறது, அவிழ்க்க எங்கே நேரம்? ஒவ்வொன்றாக அறுத்தேன். கிழடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடின. கன்றுகளைக் காதைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். கிடாரியையும் அறுத்துவிட்டேன், அதுவும் வெளியே வந்தது, என் கண்ணால் பார்த்தேன், முற்றத்தில் நின்றது. அப்பாடா என்றேன். அடுத்த நிமிஷம் கூரையிலிருந்து எரியும் ஓலை ஒன்று அதன்முன் விழுந்தது. அது மிரண்டு திரும்பி, தெரிந்த இடம் என்று தொழுவத்துக்குள்ளேயே ஓடிவிட்டது. தன் முளைக்கே போய் நின்றது. நான் பின்னால் போய்க் கொம்பைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. கெஞ்சினேன், அடித்தேன், வாடி வாடி என்று அலறினேன். தகரம் வளைந்து இறங்கியபோது யாரோ என் இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். மேலிருந்து ஓடிவந்த அண்ணன்தான். அவர் புருவமெல்லாம் பொசுங்கியிருந்தது. நான் அவர் கையைக் கடித்தேன், அவர் விடவில்லை.

மற்ற எட்டும் பிழைத்தன. கிடாரி போயிற்று. சாயங்காலம் தகரத்தை விலக்கிப் பார்த்தபோது அதன் வயிறு உப்பியிருந்தது. மற்றதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

தீ வைத்தது அண்ணன் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. மற்ற மூன்று வீட்டுக்கும் முந்தின சாயங்காலமே சொல்லியிருந்தாராம், அவர்கள் மாடுகள் வேறு வழியாக இறங்கியது எனக்குத் தெரியவில்லை, ரப்பர் விளிம்பில் கொப்போடு நின்ற அவர்களால் தீயை நிறுத்தவும் முடியவில்லை. போனில் மழை வரும் என்று காட்டியதாம், மழைக்கு முன்னால் புல்லை எரித்துவிடலாம் என்று வைத்தாராம். எனக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. என் வாசல் வழியாகத் தன் மாடுகளை மட்டும் பத்திரமாக ஓட்டிக்கொண்டு போன மனுஷன்! 'நீ இன்னும் அவுக்கலியா' என்று ஒரு கேள்வி வேறு. தீ வைக்கப்போகிறேன் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் ஃபாரஸ்டில் போய்ச் சொல்லிவிடுவேன் என்றுதானே மறைத்தார்? மறுநாள் காலை, தீக்காயத்துக்குக் கட்டுப்போட்ட கையோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தார்.

என் வாயில் என்னென்ன வந்ததோ அத்தனையும் கொட்டினேன். "அண்ணான்னு கூப்பிட்ட நாக்கை அறுக்கணும்! முறையை மீறி, எங்கிட்ட சொல்லாம தீ வச்சீரே, நீர் வெளங்குவீரா? உம்ம மாடு மாடு, என் மாடு மட்டும் வெறகா? உம்ம தொழுவத்துல ஒரு கன்னுகூட இனிமே காலூணாது, பாத்துக்கிடும்!" மண்ணை அள்ளித் தூற்றினேன். வயிற்றில் கன்றோடு வெந்த ஒரு ஜீவனுக்காக அதைச் செய்தேன், இன்றைக்கும் அந்தக் கோபத்துக்கு நான் வெட்கப்படவில்லை.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "கூடப் பொறந்தவன் மாதிரி நெனச்சோமே, இப்பிடிப் பண்ணிட்டீங்களே" என்றார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், "நீ உள்ள போ" என்று அதட்டிவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு, பதில் எப்படி வரும் என்று எனக்குத் தோன்றியது. நான்கு நாள் கழித்து, போனில் காட்டிய மழையும் வந்தது.

இரண்டு மாசம் அந்த வீட்டோடு பேச்சு இல்லை, பார்வை இல்லை. மற்ற மூன்று வீட்டாரும் என் பக்கம். அண்ணனிடம் யாரும் பால் பாத்திரத்தைக்கூடப் பிடித்துக் கொடுப்பதில்லை. அவர் சொசைட்டிக்கு வந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள். அதைப் பார்க்க எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, பொய் சொல்வானேன்.

வைகாசியில், இடவப்பாதி மழை பிடித்த பிறகு ஒரு நாள் சொசைட்டி வராந்தாவில் அவர் மனைவியும் நானும் மட்டும் மாட்டிக்கொண்டோம். மழை விடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாருக்கோ சொல்வதுபோல, "சொல்லாம தீ வைக்கிற பாவிகளுக்கும் இந்த மழைதான் பெய்யுது" என்றேன். அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

"மதி அக்கா. இனி எனக்குப் பொறுக்காது. யாரு சொல்லாம வச்சது? முந்தின நாள் வைகிட்டே, கடைசி பஸ் வந்தப்போ, பஸ் ஸ்டாப்புல வச்சு உங்க வீட்டுக்காரர்ட்ட இவரு சொன்னாரல்லோ. நானும் கூட நின்னேன். 'அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்'னு அவரு சொன்னாரு. அன்னைக்கு வாசல்ல வந்து நீங்க மண்ணு வாரித் தூத்தினப்போ அவரும் கூட நின்னு பேசுதாரு! எனக்கு வயிறு பத்தி எரிஞ்சுது. இவருதான் என்னைப் பேச விடல."

நனைந்தபடி நேராக மேல் வீட்டுக்குப் போனேன். அண்ணன் பசுவுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவருட்ட சொன்னது உள்ளதா?"

அவர் கையிலிருந்த உண்ணியைக் கல்லில் வைத்து நசுக்கினார். "தப்பு என் பேர்லயும் உண்டு தங்கச்சி. வீட்டுல ஆம்பளையிட்ட சொன்னா வீட்டுக்குச் சொன்னதாச்சுன்னு இருந்துட்டேன். காலையில உன் மாடு நிக்கது கண்டப்பமே எனக்குச் சந்தேகம். எறக்குன்னு சொன்னேன். நீ சரின்னே. அதையும் நம்பிட்டேன்."

"மாடு யாருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? கறக்கது யாரு? எங்கிட்ட வந்து சொல்ல உங்க காலு தேஞ்சா போச்சு?"

"நீ சம்மதிக்க மாட்டேன்னு பயம்" என்றார். உண்மையைச் சொன்னதற்கு அவரை அடிக்கவா, கும்பிடவா?

"பின்னே அன்னைக்கு ஏன் வாயைத் தொறக்கல? ஊரே உங்களைத் துப்புது, இந்த ரெண்டு மாசமும் ஏன் சொல்லல?"

"நீ ஒரு மாட்டைப் பறிகொடுத்துட்டு நிக்கே. அது போதாதுன்னு வீட்டையும் பறிகொடுக்க வைக்கணுமா?"

நான் அவர் காலில் விழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பாதித் தப்பு அவருடையதுதான். ஆனால் மறுநாள் சொசைட்டி வாசலில், எல்லார் முன்னாலும், "தீ வைக்கது எங்க வீட்டுக்குத் தெரியும். அண்ணன் சொல்லிட்டுத்தான் வச்சாரு" என்று சொன்னேன்.

அதற்கு முந்தின சாயங்காலத்தைத்தான் இன்னும் என்னால் செரிக்க முடியவில்லை. கடைசி பஸ்ஸில் வந்தவருக்கு வழக்கம்போலக் கட்டன் சாயா வைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சொன்னா நீ குதிப்பே. ஃபாரஸ்ட்ல போய் எழுதிக் குடுப்பே. ஊரோட பகை ஆகும். நல்ல புல்லு கெடச்சா உனக்கும் நல்லதுதானேன்னு நெனச்சேன். தீ கீழ எறங்காதுன்னு அவரும் சொன்னாரு."

"மாட்டை ஆத்துக்கு எறக்குன்னு மட்டும் சொல்லியிருக்கலாமே. காரணம் சொல்லண்டாம். வெறுமனே எறக்குன்னு."

"எதுக்குன்னு கேப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"அவரை நான் அந்தப் பேச்சுப் பேசினப்போ பக்கத்துல நின்னு நீங்களும் பேசினீங்களே?"

அவர் சாயாவை ஊதினார். பிறகு, தன் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதுபோல, "அன்னைக்குப் பத்து மணிக்குக் கடையிலேருந்து போன் பண்ணினேனே. சொல்லிரலாம்னுதான் பண்ணினேன்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது. நடந்த களேபரத்தில் அடியோடு மறந்துபோயிருந்தேன். வேலை நேரத்தில் கூப்பிடாத மனுஷன் கூப்பிட்டிருக்கிறாரே என்று எனக்கு ஒரே குஷி. அவரைப் பேசவே விடவில்லை. கிடாரியின் வாலடி குழைந்துவிட்டது, மடி கல்லுமாதிரி இறுகிவிட்டது, இன்று ராத்திரிக்குள் ஈன்றுவிடும், நீங்கள் நேரத்தோடு வந்தால் கன்றைப் பார்க்கலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் உம் கொட்டிக் கேட்டார். தீ கீழே வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

"கேட்டுட்டு ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே" என்றார் அவர். "அந்த நேரத்துல எதுக்கு ஒரு சண்டைன்னு விட்டுட்டேன்."